ஜெல் தோற்ற இடத்தில் வளையம்

பெண்கள் யோனிக்குள் பயன்படுத்தி எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தைத் தேடிய கதை இது. சோதனைக்குழாயில் எச்.ஐ.வி.யைக் கொல்வது சுலபம். சோப்புத் தண்ணீரே போதும். நொனாக்ஸினால்-9 என்ற விந்தணுக்கொல்லியும் அப்படிப்பட்ட சோப்பு வகைதான். வைரசின் கொழுப்புறையைக் கரைக்கும். கூடவே யோனியின் உள்தோலையும் அரிக்கும். 2002-ல் வெளியான ஆய்வில், தினமும் பலமுறை பூசிய பெண்களுக்குப் புண் வந்தது, தொற்றும் கூடியது. வைரசைக் கொல்வதைவிட அந்த மெல்லிய தோலைக் காப்பாற்றுவது முக்கியம் என்று புரிய இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது டெனோஃபோவிர் ஜெல். வைரஸ் செல்லுக்குள் நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும். டெனோஃபோவிர் அங்கே போலிச் செங்கல்லாகப் போய் உட்காரும். அதற்கு மேல் டி.என்.ஏ. சங்கிலி வளராது. ஆனால் செல்லுக்குள் இரண்டு பாஸ்பேட் ஒட்டிய பிறகே அது வேலைக்கு ஆகும். தென்னாப்பிரிக்காவில் 889 பெண்களிடம் நடந்த காப்ரிசா 004 ஆய்வில், உடலுறவுக்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் ஒரு தடவை, பிந்தைய 12 மணி நேரத்துக்குள் இன்னொரு தடவை, 24 மணி நேரத்தில் இரண்டுக்கு மிகாமல் என்பது கணக்கு. 2010-ல் முடிவு வந்தது: தொற்று 39% குறைவு.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தினமும் பூசச் சொன்ன வாய்ஸ் ஆய்வில், ஜெல் வாங்கிய பெண்களின் ரத்த மாதிரிகளில் ஏறக்குறைய கால்வாசியில்தான் மருந்து தென்பட்டது. காப்ரிசா முறையையே திரும்பச் செய்த ஆய்வும் 2015-ல் கைவிரித்தது. போதாததற்கு, யோனியில் வாழும் கார்ட்னெரெல்லா என்ற பாக்டீரியா டெனோஃபோவிரைத் தின்று தீர்க்கிறது. காப்ரிசா ஆய்விலேயே, லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா யோனியில் நிறைந்த பெண்களுக்கு 61% பாதுகாப்பு. மற்றவர்களுக்கு 18% மட்டுமே.

நினைவில் வைத்துப் பூச வேண்டிய தொல்லையை எடுத்துவிட்டது, டாபிவிரின் என்ற மருந்து கலந்த யோனி வளையம். வளைந்து கொடுக்கும் சிலிக்கோன், அதில் 25 மி.கி. மருந்து. நசுக்கி நீளவாக்கில் உள்ளே தள்ளினால் மேலே போய்த் தானே விரிந்து நிற்கும். மாதவிடாய், குளியல், உறவு எதற்கும் கழற்ற வேண்டாம். மாதம் ஒன்று மாற்ற வேண்டும். டாபிவிரினுக்குப் பாஸ்பேட் தேவையில்லை. படியெடுக்கும் நொதியிலேயே நேராக ஒட்டிக்கொள்ளும். போட்டு 24 மணி நேரம் ஆன பிறகே காப்பு கிடைக்கும். ஆணுறை தடுக்கும் மற்ற பால்வினை நோய்களை இது தடுக்காது, கருவையும் தடுக்காது.

2016-ல் வந்த இரு பெரிய ஆய்வுகளில் தொற்று 27%, 31% குறைந்தது. மிக இளம் பெண்களிடம் பலன் அநேகமாக இல்லை. காரணம் தேட, திரும்பி வந்த வளையங்களைக் கரைத்து மீதி மருந்தை அளந்தார்கள். மாதம் முழுக்க உடலுக்குள் இருந்த வளையம் சுமார் 4 மி.கி. இழந்திருக்க வேண்டும். அளவு 25-ஐ ஒட்டியே இருந்தால், அது அலமாரியில் இருந்த வளையம்.