மயிலைக் காளைக்குச் செவலைக் கன்று

“டாக்டர், மயிலைக் காளையோட சினை ஊசிதானே போட்டீங்க? கன்னு செவச்செவன்னு கிடக்குதே!”

காங்கேயம் பக்கம் ஒரு தோட்டம். கேட்டவர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் புதிதாக மாடு வாங்கிய இளைஞர். திண்ணையில் இருந்த அவருடைய அம்மாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காங்கேயம் கன்று பெரும்பாலும் செவலையாகத்தான் பிறக்கும். ஆறு மாதம் வாக்கில் மயிலையாக, அதாவது சாம்பல் நிறமாக மாறும். அப்புறம் காளையாக வளர்ந்தால் திமிலும் கழுத்தும் கருக்கும். நிறத்துக்கான மரபணு பிறப்பிலேயே உள்ளே இருக்கிறது, வெளியே தெரியத்தான் நாளாகும்.

இளைஞர் அடுத்துச் சொன்னதுதான் எனக்குக் கவலை. பக்கத்தில் கட்டியிருந்த ஜெர்சிக் கலப்பு மாட்டைக் காட்டி, “இது மூணு ஈத்தும் காளைக்கன்னுங்க. வித்துப்போடலாம்னு இருக்கேன்” என்றார். காங்கேயத்துக்குக் காளைக்கன்று பிறந்தால் கொண்டாட்டம், ஜெர்சிக்குப் பிறந்தால் துக்கம்! மாட்டுக்கு 60 குரோமோசோம்கள். கன்றுக்குத் தாயிடமிருந்து 30, காளையிடமிருந்து 30. அதில் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோமாகப் பசு கொடுப்பது எப்போதும் எக்ஸ்தான். விந்தணுவில் எக்ஸ் வந்தால் கிடாரி, ஒய் வந்தால் காளைக்கன்று. பழி மட்டும் பசுவுக்கு.

பாலும் அப்படித்தான். காளை கறக்காது, ஆனால் கிடாரியின் பாலுக்கான மரபணுவில் பாதி அது கொடுத்தது. பசுவின் மடியைத் தடவித் தடவிப் பார்ப்பவர்கள், போடுகிற ஊசி எந்தக் காளையுடையது என்று கேட்பதே இல்லை. ஒரே தாய், ஒரே காளை என்றாலும் இரண்டு கிடாரிகள் ஒன்றுபோல் கறக்காது. ஒவ்வொரு முறையும் எந்தப் பாதி வரும் என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலத்தான். தீவனம் சரியில்லையென்றால் நல்ல மரபணுவும் வீண், அது தனிக் கதை.

எந்தக் காளையின் ஊசி என்று கேட்டு, அதன் எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிடாரி பருவத்துக்கு வரும்போது, தெரியாமல் அதன் தகப்பன் காளையின் ஊசியையே போட்டுவிடுகிறோம். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் மறைந்துகிடக்கும் மரபணுக் குறை, தாய் வழியிலும் காளை வழியிலும் சேர்ந்து வந்தால் வெளிப்படும். கன்று நோஞ்சானாகலாம், ஊனத்தோடும் பிறக்கலாம்.

சினை ஊசிக்கான விந்தை உறையவைத்து அடைத்திருக்கும் உறைவிந்துக் குச்சியிலேயே காளையின் எண் அச்சிட்டிருக்கும். ஊசி போட்டதும் காலிக் குச்சியைக் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கு அந்த ஜெர்சிக்குப் போட்ட குச்சியை இளைஞரிடம் கொடுத்தேன். தினசரிக் காலண்டரின் அட்டையில் எண்ணை எழுதிக்கொண்டார்.