ஹார்ட் டிஸ்க்கை மாற்றக் கொடுக்கிறீர்களா? முதலில் அதை அணைத்து வையுங்கள்

போன வாரம் ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு ஸ்டூடியோக்கார அண்ணாச்சி, 27 இஞ்ச் ஐமேக் (திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ஆப்பிள் கம்ப்யூட்டர்) ஒன்றைப் போர்வையில் சுற்றி காரின் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். 2013 மாடல். திரையின் கீழ் மூலையில் விரிசல், உள்ளே புத்தம் புது ஹார்ட் டிஸ்க். "டிஸ்க் போயிட்டுன்னு ஒரு இடத்துல குடுத்து மாத்தியாச்சு தம்பி, மிஷின் நல்லாத்தான் ஓடுது, படம் ஒண்ணையும் காணலியே" என்றார். பழைய டிஸ்க் எங்கே அண்ணாச்சி என்று கேட்டேன். "அதான் கெட்டுப்போச்சே, அங்கேயே விட்டுட்டேன்." அங்கே போன் போட்டால், பழைய இரும்புக்குப் போட்டாச்சாம். ஆல்பம் முடிக்காத ஆறு கல்யாணம் அதற்குள் இருந்தது.

இவர் முதல் ஆள் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். முக்கூடலில் ஒருவருக்குப் பீடிக் கணக்கு போயிற்று. பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருக்கு, காலமான வீட்டுக்காரரின் படங்கள் அத்தனையும் போயின. மூன்று பேரும் சொன்னது ஒரே வார்த்தைதான்: "மிஷினைச் சரி பண்ணினா உள்ள இருக்கது வந்துரும்னு நினைச்சேன்."

வராது. உங்கள் படமும் கணக்கும் திரையில் இல்லை, மதர்போர்டில் இல்லை, அந்தப் பழைய டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது. நெல் கொட்டிவைக்கிற குலுக்கையை நெல்லோடு தூக்கிக் கொடுத்துவிட்டுப் புதுக் குலுக்கை வாங்கி வைத்தால், அதில் நெல் எப்படி இருக்கும்? புது டிஸ்க் வெறும் டிஸ்க். அதில் சிஸ்டம் ஏற்றி ஓடவைப்பது ஒரு வேலை, பழைய டிஸ்க்கிலிருந்து உங்கள் சரக்கை எடுப்பது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவதைச் செய்யச் சொல்லி நீங்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டால் பல இடங்களில் செய்யமாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். "கெட்டுப்போன டிஸ்க்" என்றால் காலி டிஸ்க் என்று அர்த்தமும் இல்லை. நான் கழற்றிய பல டிஸ்க்குகளில் சில இடங்கள்தான் படிக்க முடியாமல் போயிருக்கும், மற்றதெல்லாம் அப்படியே கிடக்கும்.

சரி, டிஸ்க் கெடுகிறது என்று எப்படித் தெரியும்? ஒரு ஃபோல்டரைத் திறக்க ஒரு நிமிடம் ஆகிறது, கர்சர் சுற்றிக்கொண்டே நிற்கிறது, உள்ளேயிருந்து 'டிக்... டிக்...' என்று கடிகாரம்போல சத்தம். இந்தச் சத்தம் கேட்டால் அணைத்துவிடுங்கள். திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம். அந்த அண்ணாச்சி பத்து நாள் தினமும் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றுகிறது, அதைப் படிக்கிற ஹெட் முடியின் பருமனைவிடப் பலமடங்கு குறைவான இடைவெளியில் மிதக்கிறது. அது பழுதாகித் தட்டில் உரசினால், நீங்கள் பவர் பட்டனை அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் படம் தூளாகப் போகிறது. ஃபார்மட் பண்ணவா, அதாவது டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக்கவா என்று மிஷின் கேட்டால் 'ஓகே' கொடுக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று யாரோ கிளப்பிவிட்டதைச் செய்துவிட்டு வருபவர்களும் உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்ததுமே வேர்த்து ஈரம் கோக்கும், அப்புறம் என்னிடம் கொண்டுவந்தும் பயன் குறைவு.

நாங்கள் செய்ய வேண்டியது முதலில் க்ளோன், அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே வேறு டிஸ்க்கில் படியெடுப்பது. நல்ல டிஸ்க் என்றால் 1 டிபி படியெடுக்க மூன்று மணி நேரம்போல ஆகும், பேட் செக்டார் (படிக்க முடியாமல் போன இடம்) இருந்தால் நாள்கணக்கில்கூட இழுக்கும். படிக்க வருகிற இடத்தை எல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, மக்கர் பண்ணுகிற இடத்துக்குக் கடைசியில்தான் போவோம். "சாயங்காலம் தந்துருவீங்களா" என்று அவசரப்படுத்தாதீர்கள், தயவுசெய்து. 'டிக் டிக்' சத்தம் வந்துவிட்ட டிஸ்க்கை நானே தொடமாட்டேன், டிஸ்க்கைத் திறந்து ஹெட் மாற்றுகிற வசதியுள்ள லேபுக்குத்தான் அனுப்பச் சொல்வேன்.

வீடியோ பார்த்து நீங்களே திறக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றிரண்டு விஷயம். 2009 முதல் 2011 வரை வந்த தடிமனான ஐமேக்கில் முன்கண்ணாடி காந்தத்தில்தான் நிற்கும், உறிஞ்சுகப் வைத்துத் தூக்கினால் வந்துவிடும். ஆனால் அவற்றில் டிஸ்க்கின் சூட்டை அளக்கிற ஏற்பாடு அந்தந்த டிஸ்க்குக்கென்றே அமைந்தது, கடையில் வாங்கின சாதா டிஸ்க்கைப் போட்டால் ஃபேன் முழு வேகத்தில் இரைய ஆரம்பிக்கும், அதற்குத் தனி சென்சார் கேபிள் வேண்டும். 2012 கடைசியிலிருந்து வந்த ஒல்லி மாடல்களில் திரையைச் சுற்றிலும் டேப்பால் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கென்றுள்ள பிளாஸ்டிக் சக்கரம் இல்லாமல் கத்தியை விட்டு நெம்பினால் அண்ணாச்சியின் திரை கதிதான், கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் ஒன்றாக ஒட்டியவை, முழுசாக மாற்ற வேண்டியதுதான். பழைய டேப்பையே அமுக்கி ஒட்டினால் ஒருநாள் திரை மடியில் விழும். பவர் சப்ளை உள்ளே மூடியில்லாமல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கும். பிடுங்கி, நேரம் விட்டு, அந்தப் பக்கம் கைவைக்காமல் வேலை செய்யுங்கள். ஃப்யூஷன் டிரைவ் என்றால் ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் (சுற்றுகிற தட்டு இல்லாமல் சிப்பில் சேமிப்பது) சேர்ந்துதான் ஒரு டிரைவ், ஒன்றை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு பிரயோஜனமில்லை.

இந்த ஒல்லி மாடல்களில் யுஎஸ்பி 3 இருக்கிறது. வெளியே ஒரு எஸ்எஸ்டியை மாட்டி அதிலிருந்தே ஓட்டலாம், திரையைத் தொடவே வேண்டாம். பாதிப் பேருக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

டிஸ்க் மாற்றினால், பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சொத்து. ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு கல்யாணத்தையும் இரண்டு டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றைக் கடையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் ஒரே பிளக்கில் இரண்டும் மாட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

அண்ணாச்சியிடம் கேமரா கார்டுகளைக் கேட்டேன். அழித்த கார்டாக இருந்தாலும் மேலே வேறு படம் எடுக்காதவரை மீட்க வழியுண்டு. நான்கு கார்டில் இரண்டை அவர் அப்புறம் பயன்படுத்தவே இல்லை, இரண்டு கல்யாணம் கிடைத்துவிட்டது. மற்ற நாலு வீட்டுக்கும் இன்னும் அவர் போகவில்லை.