மூன்று ஓட்டையை நம்பி லோடு முடிவு செய்யாதீர்கள்

போன ஜூனில் ஒரு சனிக்கிழமை, டெக்சாஸில் எங்கள் சுடுதளத்தில் ஒருவர் ரைஃபிளின் போல்ட்டை (குழலின் பின்வாயை அடைக்கும் உலோகத் தண்டை) உள்ளங்கையால் ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார். திறக்கவில்லை. சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு அவரிடம் போனேன். கடைசியில் ஒரு வழியாக வெளியே வந்த கேஸை, அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டை, வாங்கிப் பார்த்தால், பவுடரைப் பற்றவைக்கும் ப்ரைமர் சப்பையாக நசுங்கி ஓரம் வரை பரவியிருந்தது. அடிப்பாகத்தில், சுட்ட கேஸை வெளியே தள்ளும் எஜெக்டர் தேய்த்த பளபளப்பான தடம் ஒன்று. அழுத்தம் எல்லை மீறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகைக்கான புத்தம் புது ரைஃபிள். தோட்டாக்கள் அவரே வீட்டில் கேஸ், ப்ரைமர், பவுடர், குண்டு சேர்த்துப் போட்டவை; எந்தக் குண்டு, எந்தப் பவுடர், எவ்வளவு என்ற சேர்க்கைக்குத்தான் லோடு என்று பெயர். பையிலிருந்து ஒரு காகித இலக்கை எடுத்துக் காட்டினார். பிப்ரவரியில் சுட்டது, 100 கெஜத்தில் மூன்று ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி. "இதே லோடுதான், அப்போது ஒரு பிரச்சினையும் இல்லையே" என்றார்.

எனக்கு வாரநாளில் உதிரிபாக ஆலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை, வார இறுதியில் சுடுதளத்தில் பாதுகாப்புப் பொறுப்பு. அளந்து பிழைப்பவன் என்பதால் எனக்கு அந்த இலக்கின் மேல்தான் முதல் சந்தேகம். மேலே போவதற்கு முன் இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். நான் எழுதுவது அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்காகச் சட்டப்படி செய்பவர்களுக்கு.

சரி, அவர் செய்தது என்ன? தோட்டா போடுவதற்கான கையேட்டில் இருந்த ஆரம்ப அளவிலிருந்து உச்ச அளவு வரை பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு அளவிலும் மூன்று தோட்டா சுட்டிருக்கிறார். உச்ச அளவில் விழுந்த மூன்றும் ஒட்டி விழுந்தன. அதுதான் "என் ரைஃபிளுக்குப் பிடித்த லோடு" என்று முடிவு கட்டி, ஒரேயடியாக 100 தோட்டா போட்டுவிட்டார்.

என்னிடம் கற்க வருபவர்களிடம் நான் ஒரு சின்னக் குறும்பு செய்வதுண்டு. 15 தோட்டாக்களை ஒரே அளவில், ஒரே பவுடரில், ஒரே நாளில் போட்டு, மூன்று மூன்றாக ஐந்து பைகளில் கட்டி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு பவுடர் அளவை எழுதிவிடுவேன். சுட்டுப் பார்த்து எது சிறந்தது என்று சொல்லச் சொல்வேன். ஒருமுறை வந்த குரூப்புகள், அதாவது ஓட்டைகளுக்கு இடையே உள்ள அதிகபட்ச தூரம், அங்குலக் கணக்கில் 0.91, 0.62, 0.38, 0.79, 0.55. மூன்றாவது பைதான் என்று அந்தப் பையன் அடித்துச் சொன்னான். முதல் பையை ஏன் தள்ளவேண்டும் என்பதற்கு அதிர்வு, குழல் எதிரொலி என்று ஒரு விளக்கமும் கொடுத்தான். உண்மையைச் சொன்னபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

இதில் மாயம் இல்லை. பத்துத் தோட்டா சுட்டால் சராசரியாக ஒரு அங்குல குரூப் தரும் ரைஃபிள், மூன்று தோட்டாவில் சராசரியாக 0.63 அங்குலம்தான் காட்டும். அந்தச் சராசரியைச் சுற்றியும் 0.3 முதல் 1 அங்குலம் வரை சர்வசாதாரணமாக ஆடும். எட்டு லோடு சோதித்தால் ஏதாவது ஒன்று சின்னதாக விழத்தான் செய்யும். வேகத்துக்கும் இதே கதைதான். ஐந்து தோட்டாவில் குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் காட்டும் திட்டவிலக்கம் (தோட்டாவுக்குத் தோட்டா வேகம் சிதறும் அளவு) வினாடிக்கு 8 அடி என்றால், உண்மையான மதிப்பு 5-ஆகவும் இருக்கலாம், 23-ஆகவும் இருக்கலாம். எங்கள் ஆலையில் மூன்று போல்ட்டை அளந்து ஒரு இயந்திரத்தின் அமைப்பை மாற்றினால் மேலாளர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

உச்ச அளவில் வேலை செய்ததால் அவருக்குப் பிழைக்கு இடமே இல்லை. புதுக் குழல் முதல் நூறு, இருநூறு தோட்டாவுக்குள் கொஞ்சம் வேகம் கூடுவது வழக்கம். பிப்ரவரியில் அளந்தபோது அவர் குழல் இன்னும் அந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை. அப்புறம் வெயில். தோட்டாப் பெட்டி காருக்குள்ளேயே கிடந்திருக்கிறது. பவுடர் சூடானால் அழுத்தமும் ஏறும், சில பவுடர்களில் ரொம்பவே. கிரீட்மோருக்கு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). காரின் டயரில் இருப்பது சுமார் 35 பிஎஸ்ஐ. அந்த 62,000-ஐக் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் சுடுகிறோம்.

புது ரைஃபிள் வாங்கியவர் கேட்டால், முதல் நூறு தோட்டாவைக் குழல் பழகுவதற்கும் கேஸ்களைத் தோட்டா உட்காரும் அறைக்குப் பொருத்துவதற்கும் செலவழியுங்கள் என்பேன். கையேட்டின் நடுப்பகுதியில் ஓர் அளவை எடுத்துப் பத்து, முடிந்தால் இருபது தோட்டா சுடுங்கள். பிடிக்கவில்லையென்றால் குண்டை மாற்றுங்கள், இல்லை பவுடர் வகையை மாற்றுங்கள். மாற்றியபின் மறுபடி ஆரம்ப அளவிலிருந்துதான் ஏறவேண்டும். பவுடரை 0.2 கிரெயின் (பவுடரை நிறுக்கும் சின்ன எடை அலகு) ஏற்றி இறக்கி விளையாடுவது பெரும்பாலும் அந்தப் பையன் பார்த்த வித்தியாசத்தைத் துரத்துவதுதான். கிரீட்மோர் குழலின் துல்லியம் இரண்டு, மூன்றாயிரம் தோட்டாவில் குறைய ஆரம்பிக்கும். அதைச் சோதனையிலேயே தேய்ப்பானேன்?

மேசை ஒழுங்கு பற்றியும் சொல்லவேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பா. கேஸ்களைத் தட்டில் நிற்கவைத்து டார்ச் அடித்து, எல்லாவற்றிலும் பவுடர் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குண்டு. பவுடர் இல்லாத ஒரு கேஸ் போதும், குண்டு குழலுக்குள் சிக்கி அடுத்த வெடியில் குழலே பிளந்துவிடும். என் தராசு ஒரு மாதம் 0.2 கிரெயின் ஆடிக்கொண்டே இருந்தது. எடைக்கல் வைத்து, பேட்டரி மாற்றி எல்லாம் பார்த்தும் தீரவில்லை. கடைசியில் மேலே இருந்த ஏசியின் காற்று. ப்ரைமரில் ஈயக் கலவை உண்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கைவைக்காதீர்கள்.

அந்த மனிதர் மீதமிருந்த 61 தோட்டாவையும் குண்டைப் பிடுங்கும், சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தார். இரண்டு இரவு பிடித்ததாம். ஆகஸ்டில் புது லோடோடு வந்து இருபது சுட்டார். குரூப் 1.3 அங்குலம். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அன்று 38 டிகிரி வெயிலில், இருபதாவது தோட்டாவுக்குப் பிறகும் போல்ட்டை இரண்டு விரலால் திறந்தார்.