ஆயிரம் நாள் கணக்கு: கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் அரசு தரவேண்டியவை

பால்வாடியில் குழந்தையை எடை போடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். நீளம் அளப்பதைக் கவனித்துப் பார்த்தவர்கள் குறைவு. குழந்தையைப் பலகையில் மல்லாக்கப் படுக்க வைத்து, உச்சந்தலை மேல்பக்கத்தில் முட்டும்படி அம்மா பிடித்துக்கொள்வார். பணியாளர் ஒரு கையால் முழங்காலை மெல்ல அழுத்தி நீட்டிவிட்டு, மறு கையால் கீழ்க்கட்டையைப் பாதத்தோடு சேர்த்து அளவைப் படிப்பார். பிள்ளை வீறிட்டு அழும், காலை மடக்கும். ஒரு நிமிட வேலைதான். ஆனால் வளர்ச்சி குன்றியிருக்கிறதா என்பதைத் தராசு சொல்லாது, இந்தப் பலகைதான் சொல்லும்.

ஒரு வயது நிறையும்போது பெண் குழந்தையின் சராசரி நீளம் 74 செ.மீ., ஆண் குழந்தைக்கு 76 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி, அந்த வயதில் பெண் குழந்தை சுமார் 69, ஆண் குழந்தை 71 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அது வளர்ச்சிக் குன்றல். "அவங்க அப்பா வாகு" என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் குன்றிப்போனவர்கள் தமிழ்நாட்டில் 25 சதவீதம், நாடு முழுக்க 35.5 சதவீதம். நாலு பிள்ளையில் ஒன்றுக்கு இப்படி என்றால் அதை வாகு என்று சொல்லித் தள்ள முடியாது.

கர்ப்ப காலம் 270 நாள், அப்புறம் இரண்டு வயது வரை 730 நாள். மொத்தம் ஆயிரம். இந்த நாட்களில் இழந்த வளர்ச்சியைப் பின்னால் ஈடுகட்டுவது மிகவும் கடினம். அதனால்தான் அரசு உதவிகளும் மாதக்கணக்கோடு கட்டப்பட்டிருக்கின்றன. மாதம் தவறினால் உதவியும் தள்ளிப்போகும்.

முதல் வேலை, நாள் தள்ளிப்போனது உறுதியானதும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்து, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வாங்குவது. மூணு மாசம் ஆகும்வரை வெளியே சொல்லக் கூடாது என்று பல வீடுகளில் தள்ளிப்போடுகிறார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அந்த எண் தேவைப்படும்.

அடுத்தது பணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்த மதிப்பு 18,000 ரூபாய். அதில் 14,000 வங்கிக் கணக்கில் வரும்: கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, குழந்தைக்கு நான்காம் மாதத்தில் 6,000, ஒன்பதாம் மாதத்தில் 2,000. மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். உள்ளே சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய் எல்லாம் இருக்கும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள, 19 வயது நிறைந்த தாய்க்கு முதல் இரண்டு பிரசவங்களுக்குக் கிடைக்கும். ஒன்றிய அரசின் மகப்பேறு உதவியான மாத்ரு வந்தனா தொகையும் இதற்குள்ளேயே அடக்கம், தனியாக வராது. பிரசவத்துக்குப் பின் வரும் தவணைகள் தடுப்பூசியோடு சேர்ந்தவை. ஊசி விட்டுப்போனால் பணமும் நிற்கும்.

சாப்பாட்டு விஷயம் வேறு. அது சட்டப்படியான உரிமை. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும், பிரசவமாகி ஆறு மாதம் வரை எல்லாத் தாய்மார்களுக்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு என்கிறது. 5-ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. தாய்க்கு நாளொன்றுக்கு 600 கிலோ கலோரி என்பது கணக்கு. நம் ஊரில் அது சத்துமாவாக வீட்டுக்கு வருகிறது. வந்த மாவு கொழுக்கட்டையாகி வீட்டில் எல்லோருக்கும் பங்காகிவிடுகிறது என்பதுதான் வருத்தம். பகிர்ந்து உண்பது நல்ல குணம்தான். ஆனால் அந்தப் பொட்டலம் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்காக அளந்து கொடுத்தது. மாமியாரும் கணவரும் இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இரும்புச்சத்து மாத்திரை நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். டீ, காபியோடு சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. மலம் கறுத்துப் போவது வழக்கம், பயந்து நிறுத்த வேண்டாம்.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், கோடையில் வெறும் தண்ணீரும் வேண்டாம். ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு. பல பிள்ளைகள் சறுக்கும் இடம் இதுதான். சோற்றைப் பால்போலக் கரைத்து ஊட்டுகிறோம். வயிறு நிறையும், சத்து போகாது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத கெட்டியில் இருக்க வேண்டும். பருப்பு, காய், முட்டை, ஒரு சொட்டு எண்ணெய் சேருங்கள். எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை.

அளவெடுக்கும்போது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு தெரிந்தால், 2022-இல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் மருத்துவப் பரிசோதனையும் சிறப்பு உணவும் உண்டு. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் பெட்டகம் தாய்க்குக் கொடுக்கப்படும்.

சரி, மாவு வரவில்லை, மையம் பூட்டியே கிடக்கிறது என்றால்? உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே மாவட்டக் குறைதீர் அலுவலர் என்று ஒருவர் உண்டு. உரிய உணவு தரப்படாவிட்டால் மாநில அரசு அதற்கு ஈடாகப் பணப்படி தர வேண்டும் என்கிறது 8-ஆம் பிரிவு. எந்த மாதம், எத்தனை பொட்டலம் வரவில்லை என்று குறித்து எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை எடை போடப் போகும்போது, நீளத்தையும் அளந்து அட்டையில் எழுதித் தரும்படி கேளுங்கள்.