ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கதையும் பொம்மலாட்டமும் நாடகமும்: பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பெறுவது எப்படி?

கிழக்கிலங்கையில், நமது பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கதைசொல்லல், பொம்மலாட்டம், நாடகம் என்று செயலமர்வு நடந்தால், யாரோ ஒரு நிறுவனம் மனமிரங்கிச் செய்துவிட்டுப் போனதாகவே பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். தரம் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைக்கு இவை உரித்தானவை. நிறுவனம் வந்தாலும் வராவிட்டாலும் கேட்கலாம்.

முதலில் சட்டப் பக்கம். ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதன் 31ஆம் உறுப்புரை ஓய்வு, விளையாட்டு, கலை, பண்பாட்டு வாழ்வில் பங்குபற்றுதல் ஆகியவற்றைப் பிள்ளையின் உரிமையாகச் சொல்கிறது. படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு, குரல் வளமுள்ள பிள்ளைக்கு என்று அதில் பிரிவினை எதுவும் கிடையாது.

பாடத்திட்டப் பக்கம் இன்னும் தெளிவானது. 1999இல் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் வகுப்பறை வேலையை விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என மூன்றாக வகுத்தது. தரம் 1, 2இல் விளையாட்டே முதன்மை. தரம் 3, 4இல் மூன்றுக்கும் சமமான இடம். தரம் 5இல்தான் எழுத்து வேலை முன்னுக்கு வருகிறது. கதை கேட்பதும், அதை நடித்துக் காட்டுவதும், பொம்மை செய்து பேசவைப்பதும் இந்த விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் உள்ளே வருபவை. தாய்மொழிப் பாடத்திலும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளிலும் இவற்றைச் செய்யலாம். "பாடம் முடியவில்லை, நாடகத்துக்கு நேரமில்லை" என்று ஓர் ஆசிரியர் சொன்னால், நாடகமும் பாடத்துக்குள்தான் இருக்கிறது என்று பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

ஆனால் ஆசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நாடகமும் அரங்கியலும் தனிப்பாடமாக வருவது தரம் 6இலிருந்துதான். அதற்கு முன் எல்லாவற்றையும் வகுப்பாசிரியர் ஒருவரே செய்கிறார். பிள்ளை தரம் 3க்கு வந்ததுமே தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பைத் தேடி ஓடுகிறோம் நாம். பின்னேரம் முழுவதும் மாதிரி வினாத்தாளோடு போய்விடுகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய இழப்பு. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும், இன்னொருவரின் இடத்தில் நின்று யோசிக்கவும் அந்த வயதில்தான் சுலபமாக வரும்.

சரி, எங்கே தொடங்குவது? பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில். அதிபர் தலைமை வகிக்கும் சங்கம் அது. பெற்றோரும் ஆசிரியர்களும் அதில் இருக்கிறார்கள். ஆண்டு தொடங்குமுன் பாடசாலை தன் ஆண்டுத் திட்டத்தைத் தயாரிக்கும். அந்த நேரத்தில் கேட்டால் இடம் கிடைக்கும். ஆண்டு நடுவில் கேட்டால் இழுபடும். கற்றல் கற்பித்தல் பொருட்களுக்காகத் தர உள்ளீட்டு நிதி வருகிறது. ஆசிரியர்கள் பேச்சில் இது 'குவாலிட்டி இன்புட்'. பிள்ளைகளின் எண்ணிக்கையையும் அவர்கள் படிக்கும் வகுப்பையும் வைத்து இது கணக்கிடப்படும். பொம்மை செய்யத் தேவையான மட்டை, பசை, நிறம் போன்றவற்றுக்கு இதில் இடமிருக்கிறதா என்று அதிபரிடம் கேளுங்கள். உண்மையில் பெரிய செலவு ஒன்றும் கிடையாது. பழைய சீலைத் துண்டு, கிழிந்த காலுறை, சிரட்டை, பனையோலை, பத்திரிகைத் தாள் எல்லாம் வீட்டிலிருந்தே வரும்.

அந்த நிதி எப்படிச் செலவானது என்பதை அறியவும் பெற்றோருக்கு வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் முதலில் கூட்டத்தில் வாயால் கேட்பதே நல்லது. அதிபரோடு முகம் முறித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு எதையும் நடத்த முடியாது.

செயலமர்வை நடத்த வெளியிலிருந்து வளவாளர்களை அழைப்பதானால் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியோடு செய்யுங்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு என்று ஐந்து வலயங்கள். அம்பாறை மாவட்டத்தில் தமிழ்மொழிப் பாடசாலைகள் பெரும்பாலும் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயங்களுக்குள் வரும். வலய அலுவலகத்தில் ஆரம்பக் கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரையும் ஆசிரிய ஆலோசகரையும் சந்திக்கலாம். கோரிக்கைக் கடிதத்தை அதிபர் ஊடாக அனுப்புவதே முறை. எந்தத் தரம், எத்தனை பிள்ளைகள், எந்த நாள், யார் நடத்துகிறார்கள் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும்.

ஆட்களுக்கு நமது பகுதியில் பஞ்சமே இல்லை. கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது; நாடகம் படிக்கும் மாணவர்கள் அங்கே உண்டு. தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் கல்வியியற் கல்லூரிகள் உள்ளன. பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தருக்கு அந்தப் பகுதிக் கலைஞர்களைத் தெரிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் ஆடும் ஊர்கள் நம்முடையவை. கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார் மத்தளத்தோடு வகுப்புக்குள் ஒரு மணித்தியாலம் வந்தாலே பிள்ளைகளின் காலும் குரலும் தாமாக எழும்பும். அம்மம்மாவையோ உம்மம்மாவையோ ஒரு கதை சொல்ல அழைப்பதற்கும் காசு வேண்டியதில்லை. போர்க்காலத்தில், 1996இல், மட்டக்களப்பில் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகவே கதையும் கலையும் செய்தார்கள். அத்தனை நெருக்கடியிலும் நடந்த ஒன்றை இப்போது நடத்த முடியாது என்று சொல்வதற்கில்லை.

நடத்தும் விதத்திலும் பெற்றோர் கண் வைத்திருக்க வேண்டும். தமிழ்மொழித் தினப் போட்டிகள் நல்லவைதாம், ஆனால் அவற்றில் தெரிவு செய்யப்பட்ட சிலரே மேடை ஏறுவார்கள். செயலமர்வு வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. கூச்சப்படும் பிள்ளையிடம் பொம்மையைக் கொடுங்கள், திரைக்குப் பின்னால் நின்று அது பேசும். வசனம் மறந்ததற்காக அடிப்பது கூடவே கூடாது. உடல் தண்டனையைக் கல்வி அமைச்சு சுற்றறிக்கை மூலம் தடைசெய்திருக்கிறது. பள்ளிக்கூட நேரத்தில் நடக்கும் செயலமர்வில், காசு கட்டவில்லை என்று எந்தப் பிள்ளையையும் வெளியே நிறுத்தக் கூடாது. வெளியாட்கள் நடத்தினாலும் வகுப்பாசிரியர் உள்ளேயே இருக்கட்டும். படம் எடுப்பதானால் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கவே இல்லையென்றால் இன்னொரு வாசல் உண்டு. கிராம மட்டத்தில் சிறுவர் கழகங்கள் இருக்கின்றன. பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் அவற்றைப் பார்க்கிறார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் போல பின்னேர பஸ் குறைந்த ஊர்களில், பிள்ளைகள் நடந்து வரக்கூடிய இந்தக் கழகக் கூட்டமே வசதி. உங்கள் கிராம சேவையாளர் பிரிவில் கழகம் இயங்குகிறதா என்று அந்த உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். இயங்கவில்லையென்றால், அயலில் நாலைந்து பெற்றோர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள், கடிதத்தின் பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.