விசிறி இரையாமல் வீடியோ: லினக்ஸில் கிராஃபிக்ஸ் சில்லை வேலை வாங்குவது எப்படி?

லினக்ஸ் மடிக்கணினியில் திரைப் பதிவைத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே விசிறி இரைகிறதா? வீடியோவைச் சுருக்கும் பாரம் முழுவதையும் பிராசசர் ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருக்கலாம். இத்தனைக்கும் இந்த வேலைக்கென்றே வடிவமைத்த மின்சுற்று ஒன்று, கடந்த பத்தாண்டுகளில் வந்த பெரும்பாலான கணினிகளின் கிராஃபிக்ஸ் சில்லில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள் சும்மா கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அந்தப் பாரம் எவ்வளவு? 1920-க்கு 1080 அளவுள்ள ஒரு ஃபிரேமில், அதாவது வீடியோவின் ஒரு தனிப் படத்தில், 20 லட்சத்துக்கும் அதிகமான பிக்சல்கள். நொடிக்கு 30 ஃபிரேம் வீதம் சுருக்காமல் சேமித்தால், நிறத் தகவலைக் குறைத்து எழுதும் வழக்கமான முறையில்கூட, ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 336 ஜிபி ஆகிவிடும். அதனால் சுருக்கியே தீர வேண்டும்.

ஒருவர் மேசையில் காய்கறி நறுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேசையும் சுவரும் அசைவதில்லை. கையும் கத்தியும்தான் நகர்கின்றன. 2003-ல் வந்த எச்.264 என்ற சுருக்கும் முறை, படத்தை 16-க்கு 16 பிக்சல் கட்டங்களாக வெட்டிக்கொண்டு, "இந்தக் கட்டம் முந்தைய ஃபிரேமில் எங்கே இருந்தது?" என்று தேடுகிறது. 5 பிக்சல் இடப்புறம், 2 பிக்சல் மேலே என்று விடை கிடைத்துவிட்டால், அந்த இரண்டு எண்களையும் மிஞ்சிய சிறு வித்தியாசத்தையும் எழுதினால் போதும்.

கடினமான பகுதி அந்தத் தேடல்தான். நான்கு திசையிலும் 16 பிக்சல் தொலைவு வரை ஓரிடம் விடாமல் தேடினால் 1,089 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 256 பிக்சல்களைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஃபிரேமில் இப்படி 8,160 கட்டங்கள். பெருக்கிப் பார்த்தால் ஒரே ஃபிரேமுக்கு 227 கோடிக் கழித்தல்கள்! குறுக்கு வழிகளால் இதைப் பெருமளவு குறைக்கிறார்கள் என்றாலும், பிராசசருக்கு அது பெரும் சுமைதான். ஆனால் எல்லாம் ஒரே மாதிரியான எளிய கணக்கு. ஒரே மாதிரியான கணக்கை ஒரே நேரத்தில் பலவாகப் போடும் மின்சுற்றைச் சிலிக்கானிலேயே செதுக்கிவிட முடியும். இன்டெல் 2011-ல் 'குவிக் சிங்க்' என்ற பெயரில் அதைச் செய்தது. என்விடியாவும் ஏஎம்டியும் 2012-ல் தங்கள் கார்டுகளில் கொண்டுவந்தன.

லினக்ஸில் அந்த மின்சுற்றை எட்ட ஒரு சங்கிலியைக் கடக்க வேண்டும். வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக், திரையைப் பதியும் ஓபிஎஸ் போன்ற மென்பொருள் 'விஏ-ஏபிஐ' என்ற பொது இடைமுகத்திடம் பேசும். அது சில்லுக்குரிய டிரைவரிடம் பேசும். டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வழியாகச் சில்லை அடையும். ஏஎம்டிக்கு டிரைவர் மெசா என்ற கிராஃபிக்ஸ் மென்பொருள் தொகுப்பில் வருகிறது. இன்டெலில் பிராட்வெல் தலைமுறை முதல் 'ஐஎச்டி', அதற்கு முந்தியவற்றுக்கு 'ஐ965'. என்விடியா மட்டும் தன் சொந்த டிரைவரோடு 'என்வென்க்' என்ற தனி வழியில் போகிறது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போதும்; சில மென்பொருள்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் பிராசசருக்குத் திரும்பிவிடும். என் பழைய மடிக்கணினியில் எல்லாவற்றையும் நிறுவியும் ஒரு மாலை முழுவதும் எதுவும் நடக்கவில்லை. சில்லைத் திறக்கும் வாசல் 'ரெண்டர்-டி128' (renderD128) என்ற சாதனக் கோப்பு. அதைத் தொடும் உரிமை 'ரெண்டர்' குழுவினருக்கு மட்டும். அந்தக் குழுவில் என் பயனர் பெயர் இல்லை. சேர்த்துவிட்டு, வெளியேறி மீண்டும் உள்நுழைந்ததும் வேலை நடந்தது. சில லினக்ஸ் வகைகளில் அந்தக் குழுவின் பெயர் 'வீடியோ'.

அடுத்து 'விஏ-இன்ஃபோ' (vainfo) கட்டளையை இயக்குங்கள். வரும் பட்டியலில் எச்.264 வரிகளைத் தேடுங்கள். வரியின் முடிவில் 'விஎல்டி' (VLD) என்று இருந்தால் அந்தச் சில்லுக்கு வீடியோவை விரித்துக் காட்டத் தெரியும், அவ்வளவே. 'என்க்-ஸ்லைஸ்' (EncSlice) என்று இருந்தால்தான் சுருக்கத் தெரியும். இன்டெலில் அதன் பின்னால் 'எல்பி' (LP) என்ற எழுத்துகள் ஒட்டியிருந்தால், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வழியும் உண்டு என்று அர்த்தம்; அதற்குக் கெர்னல் தனி ஃபர்ம்வேரை (சில்லுக்குள் ஓடும் சிறு நிரலை) ஏற்ற வேண்டியிருக்கும்.

சுருக்கும் வரியே தென்படவில்லையா? சில்லைக் குறை சொல்லும் முன் தொகுப்பைப் பாருங்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் இன்டெல் டிரைவரின் முழுத் திறனுக்கு 'நான்-ஃப்ரீ' பிரிவிலுள்ள தொகுப்பு தேவை. காப்புரிமைச் சிக்கலால் ஃபெடோரா என்ற இன்னொரு வகை 2022-ல் மெசாவிலிருந்து எச்.264, அதற்கு அடுத்து வந்த எச்.265 ஆகியவற்றின் வசதிகளை எடுத்துவிட்டது. அங்கே ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்திலிருந்து மாற்றுத் தொகுப்பை நிறுவ வேண்டும்.

எஃப்எஃப்எம்பெக்கில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பிராசசரின் நினைவகத்தில் இருக்கும் ஃபிரேமைச் சில்லின் நினைவகத்துக்கு ஏற்றிவிட வேண்டும். அதற்கு 'என்வி12' (nv12) என்ற பிக்சல் வடிவத்துக்கு மாற்றி 'எச்டபிள்யூ-அப்லோடு' (hwupload) செய்யும் வடிகட்டியைக் கட்டளையில் சேர்க்க மறக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் இதுவே சிறந்தது என்று சொல்ல மாட்டேன். மின்சுற்று வேகத்துக்காகத் தேடலைச் சுருக்கிக்கொள்ளும். ஆகவே அதே தரத்துக்குக் கோப்பு சற்றுப் பெரிதாகும். நேரலைக்கும் திரைப் பதிவுக்கும் மின்சுற்றே பொருத்தம். பிள்ளைகளின் சிறுவயது வீடியோக்களைக் காலத்துக்கும் சேமிக்க, பிராசசரில் ஓடும் எக்ஸ்264 மென்பொருளை மெதுவான அமைப்பில் இரவு முழுவதும் ஓடவிடுவேன்.

பதிவு ஓடும்போது இன்டெல் கணினியில் 'இன்டெல்-ஜிபியூ-டாப்' (intel_gpu_top) கருவியைத் திறந்து வையுங்கள். 'வீடியோ' என்ற வரியில் பட்டை எழுந்தால் மின்சுற்று விழித்துக்கொண்டது. அது பூஜ்யத்திலேயே நின்றால், மறுபடி அந்தச் சாதனக் கோப்பின் உரிமையிலிருந்து தொடங்குங்கள்.