கேமராவுக்குக் காப்புறுதி இருந்தது

ஏணியிலிருந்து விழும்போது நான் கேமராவைத்தான் பிடித்துக்கொண்டேன். யோசித்துச் செய்ததில்லை. ஒளிப்பதிவுத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும், தானும் அதைத்தான் செய்திருப்பேன் என்பார்கள். சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் ஒன்பதாம் மாடித் தாழ்வாரம். இரவு பத்தரை மணி. அன்று வேலை ஆரம்பித்தது காலை ஐந்தரைக்கு. கேமரா நெஞ்சோடு இருந்தது, இடது மணிக்கட்டு தரையில் மோதியது. லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தை மறைக்கும் மேட் பாக்ஸில் ஒரு கீறல். எனக்கு எலும்பு முறிவு, 8 வாரம் கட்டு.

கேமராவை வாடகைக்கு எடுக்கும்போதே காப்புறுதி எடுத்திருந்தார்கள். அது இல்லாமல் வாடகைக் கடையில் லென்ஸ் மூடியைக்கூடத் தர மாட்டார்கள். கீறலுக்கான படிவம் மறுநாளே போய்ச் சேர்ந்தது. எனக்கென்று நிரப்ப ஒரு படிவமும் இல்லை. தயாரிப்பாளர் கெட்டவர் இல்லை. மருத்துவமனைக்கு வந்தார், ஒரு பெட்டி கோழிச் சாறு வாங்கி வந்தார், அன்றைய சம்பளத்தையும் முழுசாகக் கொடுத்தார். ஆனால் அடுத்த இரண்டு மாதத்துக்கு நான் ஒப்புக்கொண்டிருந்த மூன்று வேலைகள் வேறு ஆட்களுக்குப் போயின. கோழிச் சாறு மட்டும் ரொம்ப நாள் இருந்தது.

சிங்கப்பூரில் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அது ஒரு முதலாளியிடம் ஊழியராக இருப்பவருக்கு. நாள் கணக்கில் வேலையை ஒப்புக்கொண்டு, முடிந்ததும் இன்வாய்ஸ் அனுப்புகிறவர் அதற்குள் வரமாட்டார். தமிழ் நாடகம், விளம்பரம், நிறுவனக் காணொளி, கல்யாணம் என்று மாறிமாறி ஓடும் ஒளிப்பதிவாளர்களில் எனக்குத் தெரிந்த முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டாவது ரகம்தான். நான் விழுவதற்கு முன்பே இது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை.

சரி, ஏன் விழுந்தேன்? ஏணி நன்றாகத்தான் இருந்தது. கால்தான் எந்தப் படியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. 17 மணி நேரம் விழித்திருந்தவனுக்கு அப்படித்தான் இருக்கும்.

அந்த 17 மணி நேரத்துக்குக் காரணம் வெளிச்சம். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டி விடியும், ஏழு மணியை ஒட்டி இருட்டும். சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஒரு மணி வாக்கில். 1982இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதும் அதற்கு ஒரு காரணம். காலை பத்து தாண்டினால் வெயில் தலைக்கு மேலிருந்து கொட்டும். நடிப்பவரின் கண்குழி கறுத்துப்போகும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். நான்கு மணி வரை வெளியே எது எடுத்தாலும் அந்த முகத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்தி வெளிச்சமோ இருபது நிமிடம் நின்றால் பெரிது. அதனால் இயக்குநருக்கு விடியலும் வேண்டும், அந்தியும் வேண்டும். நடுவே வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளைத் திணிப்பார்கள். இருட்டியதும் ‘இன்னும் ஒரு நைட் சீன்தான்’ என்பார்கள். இடத்துக்கான அனுமதி அன்று ஒரு நாளுக்குத்தான் இருக்கும். இதில் யாரையும் கொடுமைக்காரர் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். எல்லாம் சேர்ந்து ஒரே உடம்பில் இறங்குவதுதான் சிக்கல்.

எடை வேறு. கேமராவின் பெட்டியில் இரண்டேகால் கிலோ என்று போட்டிருப்பார்கள். லென்ஸ், பேட்டரி, மானிட்டர், ஃபோகஸ் மோட்டார் எல்லாம் ஏறியபின் தோளில் உட்காருவது பத்துக் கிலோ. நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துவிடும் என்று லென்ஸை ராத்திரி உலர்பெட்டிக்குள் பத்திரமாகப் படுக்க வைக்கிறோம். அதைத் தூக்கியவர் வேனின் பின்சீட்டில் படுத்திருப்பார்.

1997இல் அமெரிக்காவில் 19 மணி நேர வேலை முடிந்து கார் ஓட்டி வீடு திரும்பிய உதவி ஒளிப்பதிவாளர் ஒருவர் வழியில் விபத்தில் இறந்தார். அதற்குப் பிறகு, இரண்டு முறை ஆஸ்கர் வாங்கிய ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லர், 12 மணி நேரம் வேலை, 12 மணி நேரம் ஓய்வு என்று கேட்டு வருடக்கணக்கில் போராடினார். ஒரு ஆவணப்படமும் எடுத்தார். அத்தனை பெரிய தொழிற்சங்கங்கள் உள்ள ஊரிலேயே அந்த நிலைமை. நாம் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் குறியை வைத்து வேலைக்குச் சம்மதம் சொல்கிறவர்கள்.

இப்போது நான் கட்டைவிரல் அனுப்புவதில்லை. எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்குப் பேக்கப், அதைத் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, பணம் எந்தத் தேதிக்குள், பத்து மணிக்கு மேல் போனால் வீட்டுக்கு வண்டி உண்டா என்று எழுதி அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்குகிறேன். சுயமாகத் தொழில் செய்பவர்களோடு ஒப்பந்தம் போடுவது பற்றி 2018இல் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து கொண்டுவந்த முத்தரப்புத் தரநிலையும் முக்கிய நிபந்தனைகளை எழுத்தில் வைக்கத்தான் சொல்கிறது. ஒரு தயாரிப்பாளர், ‘என்ன தம்பி, வக்கீல் ஆயிட்டீங்களா?’ என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. அந்த இழப்பும் இதில் உண்டு.

அந்த எழுத்து இருந்தால், பணம் வராதபோது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை, வக்கீல் இல்லாமலே. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நான் ஒரு முறைதான் போக நேர்ந்தது.

தனிநபர் விபத்துக் காப்புறுதி எடுக்கும்போது தொழில் என்ற கட்டத்தில் உண்மையை எழுதுங்கள். ‘மீடியா’ என்று போட்டால் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஏணி, கிரேன், படகு எல்லாம் ஏறுவேன் என்று நான் சொன்னேன், சந்தா கூடியது, கட்டுகிறேன். மருத்துவ விடுப்பு நாள்களுக்குத் தினசரித் தொகை தரும் திட்டம் தனி. நமக்கு அதுதான் முக்கியம். மருத்துவமனைச் செலவைவிட வேலையில்லாத வாரங்கள்தான் என்னைச் சாய்த்தன. ஊழியருக்கு முதலாளி போடும் மத்திய சேம நிதியும் (ஓய்வுக்காலச் சேமிப்பு) நமக்குக் கிடையாது. வருட நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கு நாமேதான் கட்ட வேண்டும்.

சென்ற மாதம், பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்த ஒரு தம்பி தேக்காவில் தேநீர் குடிக்கும்போது முதல் லென்ஸ் எது வாங்கலாம் என்று கேட்டார். 35 மிமீ என்றேன். அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசினோம். கிளம்பும்போது, நாளைய படப்பிடிப்பு எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டேன்.

‘அது தெரியலண்ணே. காலையில அஞ்சு மணிக்கு வரச் சொன்னாங்க.’